அணையைக் குலைத்த மீன்மகள்

பகலெல்லாம் வானரங்கள் கடலில் போட்ட கல், விடிந்து பார்த்தால் காணாமல் போயிருக்கிறது. மலைமலையாகப் பெயர்த்துக் கொண்டுவந்து கொட்டியும் அணை ஒரு முழம்கூட நகரவில்லை. அனுமனுக்குச் சந்தேகம் வருகிறது. தண்ணீருக்குள் குதித்துப் பார்க்கிறான். இடுப்புக்கு மேலே பெண்ணும் இடுப்புக்குக் கீழே மீனுமாக ஒருத்தி, தன் மீன் பட்டாளத்தை ஏவி, கற்களை ஒவ்வொன்றாகக் கிளப்பி அப்புறப்படுத்திக்கொண்டிருக்கிறாள். பெயர் சுவர்ணமச்சா. இராவணனின் மகள். அப்பா சொல்லி அனுப்பிய வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.

வால்மீகியைப் புரட்டினாலும் கம்பனைப் புரட்டினாலும் இவளைக் காண முடியாது. அங்கே நளன் அணை கட்டுகிறான், வானரங்கள் கல் சுமக்கின்றன, காரியம் முடிந்துவிடுகிறது. சுவர்ணமச்சா வாழ்வது தாய்லாந்திலும் கம்போடியாவிலும். பாங்கொக்கில் சக்கிரி வம்சத்தைத் தொடங்கிய முதலாம் இராமா மன்னர், 1797இல் அரசவையில் தொகுப்பித்த ராமகியன் நூலில் இவளுக்கென்று ஒரு முழுக் கதை உண்டு. அனுமன் அவளைத் துரத்துகிறான், பிடிக்கிறான், பேசுகிறான், காதலிக்கிறான். யுத்தத்தின் நியாயத்தைக் கேட்டு அவள் மனம் மாறுகிறாள். எடுத்துப்போன கற்களையெல்லாம் திரும்பக் கொண்டுவந்து வைக்கும்படி மீன்களுக்குக் கட்டளையிடுகிறாள். ஒரே கல்லை இரண்டு தடவை சுமந்த கூலிப்படை இதிகாசத்தில் வேறு எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

அனுமனுக்கும் அவளுக்கும் பிறந்த பிள்ளை மச்சானு. குரங்கு உடம்பு, மீன் வால். அப்பாவுக்குத் தெரிந்தால் ஆபத்து என்று பிள்ளையைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறாள் தாய். பாதாளத்தை ஆளும் மையராப் அவனை எடுத்து வளர்க்கிறான். பிறகு மையராப் கவர்ந்துபோன இராமனைத் தேடிப் பாதாளத்துக்குப் போகும் அனுமனுக்கு, வாசலில் காவல் நிற்கும் தன் மகனோடேயே சண்டை போட வேண்டியிருக்கிறது.

இந்தக் கதை எழுத்தில் இருப்பதைவிடச் சுவரில்தான் உயிரோடு இருக்கிறது. பாங்கொக் அரண்மனைக்குள் இருக்கும் மரகத புத்தர் கோயிலான வாட் பிரா கேவ், தன்னைச் சுற்றி ஒரு நீண்ட மண்டபச் சுவரை வைத்திருக்கிறது. அதில் 178 காட்சிகளாக ராமகியன் வரையப்பட்டிருக்கிறது. முதலில் எழுதியது முதலாம் இராமா காலத்தில். மழையும் ஈரமும் அரித்ததால் பல தடவை புதுப்பிக்கப்பட்டது. 1932இல் பாங்கொக் நகரத்தின் 150ஆம் ஆண்டுக்காகவும், 1982இல் 200ஆம் ஆண்டுக்காகவும் நடந்த புதுப்பித்தல்கள் பெரியவை. கம்போடியாவில் புனோம் பென் அரண்மனைச் சுவரில் அதே இதிகாசத்தின் கெமர் வடிவத்தை 1903, 1904ஆம் ஆண்டுகளில் ஓவியர் ஓக்ஞா தேப் நிமித் மாக், மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு எழுதினார். அந்நாட்டு அரண்மனை நடனத்தில் அனுமனும் மீன்மகளும் ஆடும் பகுதி தனி உருப்படியாகவே இன்றும் மேடையேறுகிறது.

அணைக் காட்சி எங்கே வரையப்பட்டாலும் அதன் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். மேலே கரையில் இராமனும் இலக்குவனும் அசையாமல் இருப்பார்கள். முகத்தில் வியர்வை இருக்காது. அவர்களுக்குக் கீழே வானரங்கள் பாறையைத் தலையில் தூக்கி, தோளில் உருட்டி, ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்கு மாற்றி, ஒரு கட்டட வேலைத்தளத்தின் அத்தனை குழப்பத்தோடும் இயங்கும். அதற்கும் கீழே, அலைக்கோடுகளுக்கு உள்ளே, இன்னொரு வேலைத்தளம். அங்கே எல்லாம் தலைகீழ். மேலே இருப்பவர்கள் போடுவதைக் கீழே இருப்பவர்கள் எடுக்கிறார்கள். பொற்கிரீடம் தரித்து, அரண்மனை நாட்டியக்காரி போல அலங்கரித்துக்கொண்ட மீன்மகள் அந்தக் கூட்டத்துக்கு மேற்பார்வை. அரசர் படத்துக்கு அளவும் இலக்கணமும் உண்டு. கொஞ்சமும் பிசகக் கூடாது. மீனுக்கும் குரங்குக்கும் அப்படி எந்தக் கட்டளையும் இல்லை. தாய் ஓவியர்கள் தங்கள் குறும்பையெல்லாம் இந்தக் கீழ்ப் பகுதிகளில்தான் கொட்டினார்கள். சிரிக்கும் சிப்பாய், தூங்கும் காவற்காரன், தெருவில் சூதாடும் ஆட்கள் என்று அவர்களுடைய சுவர்களின் ஓரங்களில் அகப்படும் ஊர் வாழ்க்கை, நடுவில் உள்ள தெய்வங்களைவிடக் கண்ணை இழுக்கிறது.

ஆகவே இந்தப் படத்தைக் காதல் படமாக மட்டும் பார்ப்பது பாதி பார்ப்பதுதான். சுற்றுலா வழிகாட்டிகள் அனுமன் அவள் கையைப் பிடிக்கும் கணத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். படத்தின் பெரும்பகுதியை நிறைத்திருப்பது வேலை. கல் தூக்கும் வேலை, கல் திருடும் வேலை.

இங்கேதான் கிழக்குக் கடலின் மீன்மகள் ஐரோப்பியக் கடற்கன்னியிடமிருந்து பிரிகிறாள். மேற்கின் மரபில் அவள் பாறைமேல் உட்கார்ந்திருப்பாள். ஒரு கையில் சீப்பு, மறு கையில் கண்ணாடி. மாலுமியை மயக்குவதைத் தவிர அவளுக்கு வேறு பிழைப்பில்லை. கோபன்ஹேகன் துறைமுகத்தில் 1913 முதல் உட்கார்ந்திருக்கும் எட்வர்ட் எரிக்சனின் வெண்கலச் சிலையும் சும்மாதான் இருக்கிறது. 1971இல் சியாட்டிலில் தொடங்கிய ஸ்டார்பக்ஸ் கடை இரட்டை வால் கடற்கன்னி ஒருத்தியைத் தன் அடையாளமாக வைத்துக்கொண்டது. அவளும் கோப்பி விற்கிறாளே தவிர ஒரு பழம் பறித்ததில்லை. கோப்பி பறித்த கதை தெரிய வேண்டுமென்றால் புசல்லாவைக்கு வர வேண்டும்.

இலங்கையில், கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் நெடுஞ்சாலையில் மலை தொடங்கியதும் வரும் ஊர் புசல்லாவை. இந்தப் பள்ளத்தாக்கின் வாசலில், கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில், 1820களில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார். ரொத்சைல்ட் குடும்பத்தின் உறவினர்களான டி வோம்ஸ் சகோதரர்கள் 1840களில் புசல்லாவையில் காடு வெட்டித் தோட்டம் திறந்தார்கள். ரொத்சைல்ட் தோட்டம் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. சீனத் தேயிலைச் செடியை அங்கே அவர்கள் நட்டுப் பார்த்தது, லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலைத் தொழிலைத் தொடங்குவதற்குக் கால் நூற்றாண்டு முன்னால். 1869இல் கோப்பி இலையில் துருநோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுக்குள் கோப்பி போய்த் தேயிலை நின்றது. இரண்டையும் நட்டு வளர்த்துப் பறித்தவர்கள், சுவர்ணமச்சா கல் பெயர்த்ததாகச் சொல்லப்படும் அதே கடலைத் தாண்டி வந்தவர்கள்.

புசல்லாவையைக் கடந்து அதே சாலையில் மேலே போனால் இறம்பொடை. அங்கே சின்மயா மிஷன் கட்டிய பக்த அனுமன் கோயில் மலைச்சரிவில் நிற்கிறது. சீதையைத் தேடிவந்த அனுமன் இந்த மலைகளில் கால் வைத்தான் என்பது ஊர் நம்பிக்கை. இன்னும் மேலே நுவரெலியா தாண்டினால் சீதாஎலிய, சீதையம்மன் கோயில், ஓடையோரப் பாறையில் அனுமனின் காலடி என்று காட்டப்படும் குழிகள். தமிழ்நாட்டிலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வரும் இராமாயண யாத்திரிகர்கள் புசல்லாவைக் கடைத்தெருவில் தேநீர் குடித்துவிட்டுத்தான் ஏறுகிறார்கள். தாவி வந்த அனுமனுக்கு இந்தச் சாலையில் கோயில் இருக்கிறது. சிறையிருந்த சீதைக்கும் இருக்கிறது. இலங்கை அரசனின் மகளாகப் பிறந்து, இலங்கைக் கடலில் வேலை செய்த மீன்மகளைத்தான் இலங்கையில் யாருக்கும் தெரியாது.

அவள் முழுக்க அந்நியமும் அல்ல. தமிழ்நாட்டில் தெருக்கூத்திலும் தோற்பாவைக் கூத்திலும் ஆடப்பட்டு, பெரிய எழுத்துப் புத்தகமாகவும் விற்ற மயில் இராவணன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மயில் இராவணன் இராம இலக்குவரை மயக்கிப் பாதாளத்துக்குக் கொண்டுபோகிறான். மீட்கப் போகும் அனுமன் வாசலில் ஒரு வீரனை எதிர்கொள்கிறான். அவன் அனுமனின் வியர்வைத் துளியை விழுங்கிய மீனின் வயிற்றில் பிறந்த பிள்ளை. தாய்லாந்தின் மையராபும் மச்சானுவும் இவர்கள்தான். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் கற்பித்த பேராசிரியர் ச. சிங்காரவேலு, 1980களில் இந்த இரண்டையும் அருகருகே வைத்து ஆராய்ந்து, தாய்லாந்து நூலின் மையராப் பகுதிக்குத் தமிழ் நாட்டார் கதையோடு உறவு இருக்கக்கூடும் என்று எழுதினார். சயாம் அரசவைப் பிராமணர்கள் திருவெம்பாவையை மார்கழிச் சடங்கில் ஓதிவந்ததை நினைத்தால் அந்தப் பாதையில் ஒரு கதை பயணம் போயிருப்பதில் வியப்பில்லை. மலாய் மொழியின் ஹிகாயத் ஸ்ரீ ராமாவிலும் அணையைக் குலைக்க மீன்கள் கிளம்புகின்றன.

போகிற வழியில் ஒன்று நடந்திருக்கிறது. தமிழ்க் கதையில் தாய் வெறும் மீன். வியர்வையை விழுங்கினாள், பெற்றாள், மறைந்தாள். கடல் கடந்ததும் அவளுக்கு முகம் வந்தது, பெயர் வந்தது, தகப்பன் வந்தான், கைக்கு வேலை வந்தது.

கண்டியின் ஓவியர்கள் அவளைச் சந்தித்திருக்க வேண்டிய ஒரு காலமும் இருந்தது. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்டான். மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பத்தவன். தமிழும் தெலுங்கும் புழங்கிய அந்த வீட்டுப் பிள்ளைதான் கண்டி இராச்சியத்தின் பௌத்த மறுமலர்ச்சிக்குப் பெரும் புரவலனாக இருந்தான். அவன் அனுப்பிய தூது சயாமின் அயுத்தியா நகரத்துக்குப் போய், உபாலி தேரரையும் பிற துறவிகளையும் ஒல்லாந்தர் கப்பலில் அழைத்து வந்தது. திருகோணமலையில் இறங்கி கண்டிக்கு வந்துசேர்ந்த அவர்கள் 1753இல் உபசம்பதா என்னும் முழுத் துறவேற்புச் சடங்கை மீண்டும் தொடங்கிவைத்தார்கள். மல்வத்தை, அஸ்கிரி விகாரைகளின் சயாம் நிக்காய என்ற துறவிகள் பிரிவு அப்படி உருவானது. உபாலி தேரர் கண்டியிலேயே 1756இல் காலமானார். பதினோரு ஆண்டு கழித்து அயுத்தியாவைப் பர்மியப் படை எரித்தது.

அதே மன்னன் காலத்தில் கண்டிக்கு அருகே தெகல்தொருவைக் குகை விகாரையில் ஓவியம் எழுதத் தொடங்கினார்கள். 1771இல் ஆரம்பித்த வேலை அவனுடைய தம்பி ராஜாதி ராஜசிங்கன் ஆட்சியில் 1786இல் முடிந்தது. தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே அந்தக் குழுவில் முதன்மையானவர். பின்னாளில் கண்டி ஏரியையும் தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தையும் அமைத்த தேவேந்திர மூலாச்சாரியின் பெயரும் அதே குழுவில் சொல்லப்படுகிறது. சாதிலிங்கச் சிவப்பைப் பின்னணியாக வைத்து, கதையைப் பட்டை பட்டையாக ஓடவிட்டு, ஒவ்வொரு பட்டையின் கீழும் யார் என்ன செய்கிறார்கள் என்று எழுதி, வெறுமையாகக் கிடக்கும் இடத்திலெல்லாம் பூவைப் போட்டு நிரப்பும் பாணி அது. புத்தரின் முற்பிறவிக் கதையான சாதகத்தில் வெசந்தரர் யானையைத் தானம் கொடுப்பார், தேரைக் கொடுப்பார், பிள்ளைகளைக் கொடுப்பார். பார்ப்பவர் சுவரோடு நடந்தபடி கதையைப் படித்துக்கொண்டு போகலாம்.

சயாமிலிருந்து துறவிகள் வந்தார்கள், துறவொழுக்க விதியான வினயம் வந்தது. இராமன் கதை வரவில்லை. கண்டி விகாரையின் சுவர் சாதகக் கதைகளுக்கு உரியது. இராமாயணம் அதற்கு வெளியே நின்றது. அரசன் வீட்டில் விஷ்ணுவையும் கந்தனையும் கும்பிட்டபோதும் விகாரைச் சுவரின் இலக்கணம் மாறவில்லை.

பெண்ணையும் விலங்கையும் செடியையும் கலக்கும் கற்பனை கண்டிக் கைவினைஞருக்குக் குறைவாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. எம்பெக்க தேவாலயத்தின் மரத்தூணில் கொடியிலிருந்து ஒரு பெண் முளைக்கிறாள். ரிதி விகாரையின் தந்தச் செதுக்கலில் ஐந்து பெண்கள் பின்னிக்கொண்டு ஒரு குடமாக நிற்கிறார்கள். இடுப்புக்குக் கீழே பறவையான கிந்துரு சித்திரங்களிலும் பித்தளையிலும் உண்டு. கொழும்புத் தமிழரான சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, கனிமவியல் ஆய்வுக்காக ஊர் ஊராகத் திரிந்தபோது இந்த உருவங்களையெல்லாம் பார்த்துப் பதிந்தார். அவர் 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெரிய நூல், வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்தில் 425 பிரதிகள் மட்டும் அச்சானது. அவர் அக்கறை உருவங்களோடு நிற்கவில்லை. அவற்றைச் செய்தவர்களுக்கு நிலம் எப்படிக் கிடைத்தது, கூலி என்ன, எந்தக் குடும்பம் எந்த வேலைக்கு உரியது என்று கேட்டவர் அவர். கண்டிக் கலை உலகில் மீன் உடம்பைப் பெரும்பாலும் மகரம் எடுத்துக்கொண்டுவிட்டது. யானைத் துதிக்கையும் முதலை வாயுமாக ஒவ்வொரு விகாரை வாசலின் தோரணத்திலும் அது கிடக்கிறது. மீன்மகளுக்கு மிஞ்சியது கொஞ்சம்தான்.

ஆனால் சாதகக் கதைகளுக்குள்ளேயே ஒரு கடற்பெண் இருக்கிறாள், அவளுக்கும் வேலைதான். மகாஜனக சாதகத்தில் கப்பல் உடைந்து, இளவரசன் ஏழு நாள் கடலில் நீந்துகிறான். கடலில் தத்தளிக்கும் நல்லவர்களைக் காப்பது மணிமேகலா என்ற தெய்வத்தின் பொறுப்பு. நான்கு திசைக் காவலர் அவளுக்குக் கொடுத்த உத்தியோகம் அது. அந்த ஏழு நாளும் அவள் சந்தோஷத்தில் மூழ்கிக் கடலைக் கவனிக்கவில்லை என்று கதை கூச்சமில்லாமல் சொல்கிறது. கடமைக்கு வராத காவற்காரி! பிறகு ஓடிவந்து அவனைத் தூக்கிக் கரை சேர்க்கிறாள். அதே தெய்வம்தான் தமிழில் கோவலனின் முன்னோனைக் கடலிலிருந்து காத்தது. அந்த நன்றிக்காகத்தான் மாதவியின் மகளுக்கு மணிமேகலை என்று பெயர் விழுந்தது. அவளை மணிபல்லவத்துக்குத் தூக்கிச் சென்றதும் இதே தெய்வம். அந்தத் தீவு நயினாதீவே என்று யாழ்ப்பாணத்தில் உரிமை கொண்டாடுபவர்கள் பலர். தாய் விகாரைகளில் அவள் அலைக்கு மேலே பறந்தபடி இளவரசனை ஏந்திக்கொள்ளும் காட்சி ஓவியர்களுக்குப் பிடித்தமானது. வால் இல்லை என்பதைத் தவிர சுவர்ணமச்சாவுக்கும் அவளுக்கும் தூரம் அதிகமில்லை.

கற்பனையில் வந்த இந்தப் பெண்ணை நேரில் கண்டதாகச் சாட்சி சொன்னவர்களும் உண்டு. அந்தச் சாட்சியம் இதே கடலில்தான் பதிவானது. 1560இல் போர்த்துக்கேய வைசிராய் கொன்ஸ்தந்தினோ த பிரகன்சா யாழ்ப்பாணத்தின்மேல் படையெடுத்துவிட்டு மன்னாரைப் பிடித்துக் கோட்டை அமைத்தார். அந்த ஆண்டில் மன்னாருக்கு அருகே மீனவர் வலையில் கடல் ஆண்களும் கடல் பெண்களும் அகப்பட்டதாக இயேசு சபையின் வரலாற்று நூல் சொல்கிறது. அதை எடுத்து எழுதும் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் தரும் கணக்கு ஏழு. அறுத்துப் பார்த்தபோது உள்ளுறுப்புகள் மனிதருடையவை போலவே இருந்தனவாம். சாட்சிகளில் ஒருவர் வைசிராயின் வைத்தியர் திமாஸ் போஸ்கே. கோவாவில் 1563இல் அச்சான கார்சியா த ஓர்தாவின் மூலிகை நூலுக்கு முன்னுரைக் கடிதம் எழுதிய படித்த மனிதர். இன்னொருவரைத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர் பாதிரியார் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தமிழில் தந்தவர். தமிழ் எழுத்தை அச்சில் ஏற்றிய கைகளுக்கு உரியவர், கடற்கன்னிக்கும் சாட்சி!

அவர்கள் பார்த்தது கடற்பசு. மீனவர் மொழியில் ஆவுளியா. மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் கடற்புல் மேய்ந்து வாழும் பாலூட்டி. முன்துடுப்பின் அடியில் முலை இருப்பதாலும், குட்டியை அணைத்தாற்போல மிதப்பதாலும் தூரத்தில் அது பெண்ணாகத் தெரிந்தது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த டெனன்டுக்கு மன்னாரிலிருந்து ஒன்றைக் கொழும்புக்கு அனுப்பிவைத்தார்கள். ஏழடிக்கு மேல் நீளம் இருந்தது என்று குறித்திருக்கிறார். ஐரோப்பியருக்கு இந்த மயக்கம் தெளிய நாள் பிடித்தது. அம்போன் தீவில் சாமுவேல் ஃபலூர் வரைந்த கடற்கன்னி, 1719இல் லூயி ரெனார்ட் வெளியிட்ட வண்ண மீன் புத்தகத்தில் நண்டுகளோடும் மீன்களோடும் ஒருத்தியாக, உண்மை உயிரினம் என்ற உரிமையோடு இடம்பெற்றாள். பழைய நாட்டார் பாணிப் படங்களில் அதைப்போல வேடிக்கையான ஒன்றைக் காண்பது கடினம். பச்சை நீல வாலும் அப்பாவி முகமுமாக, தன்னை ஏன் பிடித்தார்கள் என்று கேட்கிறாற்போல இருப்பாள்.

டெனன்ட் 1848இல் மட்டக்களப்புக்குப் போனபோது நிலவொளியில் படகு விட்டு, வாவி பாடும் ஒலியைக் கேட்டார். ஒன்றல்ல, பல மெல்லிய ஒலிகள் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தன. படகின் மரத்தில் காதை வைத்தால் கூடுதலாகக் கேட்டது. அவருக்கு மீனவர்கள் காட்டியது ஊரிச் சிப்பியை. மட்டக்களப்பார் அதை மீன்மகளின் பாட்டு ஆக்கி, தங்கள் நாட்டுக்கே மீன் பாடும் தேன்நாடு என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். சீமாட்டி மானிங்கின் பெயர் கொண்ட கல்லடிப் பாலம் அந்தப் பாட்டைக் கேட்கும் இடமாகவே புகழ்பெற்றது. ஊரின் சிலைகளிலும் சின்னங்களிலும் இன்று நிற்பவள் யாழ் ஏந்திய கன்னி. பாடுவதும் ஒரு வேலைதான் என்றாலும், கல் பெயர்த்தவளோடு ஒப்பிட்டால் கொஞ்சம் சொகுசான வேலை.

மன்னார்க் கடலுக்குத் திரும்பினால், அங்கே அணை கட்டுவதும் குலைவதும் கதையோடு நிற்கவில்லை. கோப்பிக் காலத்தில் தொண்டியிலும் இராமேசுவரத்திலும் தோணி ஏறியவர்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து மலைக்கு வந்தார்கள். காலராவும் பசியும் வழியெங்கும் பிணம் விழுத்தின. 1864இல் ஆதிலட்சுமி கப்பல் 120 பேரோடு மூழ்கியது மலையகம் மறக்காத சாவு. 1914 பெப்ரவரியில் பாம்பன் பாலமும் மார்ச்சில் தனுஷ்கோடி தலைமன்னார் கப்பலும் திறந்தபோது, சென்னையில் ஏறியவர் கொழும்பில் இறங்கலாம் என்ற நிலை வந்தது. ஐம்பது ஆண்டு அது ஓடியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், மலையகத்தார் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கணக்குப் போட்டது. இரண்டு மாதம் முடியுமுன், டிசம்பர் 22ஆம் திகதி இரவில் புயல் தனுஷ்கோடியைத் துடைத்தெடுத்தது. ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டவர்கள் பிறகு தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறினார்கள். புசல்லாவைத் தோட்டங்களின் லயங்களிலும் பாதிக் குடும்பம் போய்ப் பாதிக் குடும்பம் தங்கிய வீடுகள் உண்டு. வந்த கல்லே திரும்பிப் போன கதை.

சுவர்ணமச்சாவின் வேலையை ஓர் அரசாங்கமே கையிலெடுத்த காலமும் வந்தது. சேதுசமுத்திரக் கால்வாய்க்காக, இராமன் கட்டிய அணை என்று நம்பப்படும் மணல்திட்டைத் தோண்டும் திட்டத்தை 2005 ஜூலையில் பிரதமர் மன்மோகன் சிங் மதுரையில் தொடங்கிவைத்தார். 2007இல் இராமர் பாலத்துக்குச் சேதம் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அனுமன் ஒரே பேச்சில் முடித்த வழக்கு, அங்கே ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

இன்றைக்கும் அந்தத் தண்ணீருக்குள் மூச்சடக்கி வேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தின் பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் படகில் தீவுகளுக்குப் போய், கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமல் விரல்களில் துணி சுற்றி, முங்கிக் கடற்பாசி பறிக்கிறார்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று அவர்கள் பாசிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அகர் தொழிற்சாலைக்குப் போகும் சரக்கு அது. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 21 தீவுகளையும் உள்ளடக்கியதால், தாயும் பாட்டியும் முங்கிய இடத்தில் முங்குவது குற்றமாகிவிட்டது. வனத்துறையோடு ஓயாத இழுபறி. பாசி வளர விட்டு மாதத்தில் சில நாள் மட்டும் பறிப்பது என்று பெண்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்தி 2015இல் அமெரிக்காவின் சீகொலொஜி விருதைப் பெற்றது அந்த உழைப்பின் பெயரால். ஆவுளியாவுக்கும் இடம் ஒதுக்கியாகிவிட்டது. பாக்கு நீரிணையில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டெம்பரில் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது.

பாங்கொக் ஓவியனுக்கு இந்தப் பெண்களைத் தெரியாது. ஆனாலும் அவன் எழுதிய மீன்மகளுக்கும் இவர்களுக்கும் பொருந்துகிற அளவு, கோபன்ஹேகன் சிலைக்கும் இவர்களுக்கும் பொருந்தாது. தாய்லாந்தில் சுவர்ணமச்சாவின் படத்தைத் துணியில் அச்சிட்டுக் கடைகளில் தொங்கவிடுகிறார்கள். வியாபாரம் பெருகுமாம். கடல் கடந்த தமிழ்க் கதையொன்றில் முகம் பெற்றவளுக்கு அங்கே கடைத்தெரு முழுக்க மரியாதை.

மலையகத்தில் கோயில்கள் புதுப்பிக்கப்படும் காலம் இது. தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகள் வருகிறார்கள், சுவர்களில் இராமாயணக் காட்சிகள் எழுதப்படுகின்றன. சேது கட்டும் காட்சி அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு. அதில் கடலை ஒரே நீலமாகப் பூசி விட்டுவிடாமல், அலைக்குக் கீழேயும் ஒரு முழம் இடம் ஒதுக்கி இராவணன் மகளையும் அவளுடைய மீன்களையும் வேலையோடு எழுதச் சொல்லுங்கள். பார்த்துப் பழக தெகல்தொருவை இருக்கிறது. கண்டியிலிருந்து லேவெல்லப் பாலம் தாண்டினால் போதும்.